மலையகத்தில் காசநோயாளியிடம் நோய் வரலாறு கேட்பது: புதிதாக வருபவர்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பதுளைப் பக்கம் முதல் நியமனம் கிடைத்து வரும் இளம் வைத்தியர்களுக்காகவும் வார்ட்டில் பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். காசநோயின் அறிகுறிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, பசியின்மை, சளியில் இரத்தம். இந்தப் பட்டியலை அப்படியே கேள்விகளாக்கிக் கேட்டால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவர்களில் பலர் "அப்படி ஒன்னும் இல்லைங்க" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மறைக்கவில்லை. ஒவ்வொரு அறிகுறிக்கும் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது. இருமல் பனியால், மெலிவு வேலையால், முதுகுவலி கூடையால், சிவப்பாகத் துப்புவது வெற்றிலையால். காரணம் தெரிந்த ஒன்றை யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். அதனால் உங்கள் கேள்விகள் அவருடைய வேலை, அறை, தூக்கம், சாப்பாடு வழியாகப் போகவேண்டும். அப்படிக் கேட்டால் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள்.

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தி வைப்பது இங்கே எல்லா இடத்திலும் உள்ள பழக்கம். இருமும் நோயாளியோடு பேசும்போது அது ஆபத்து. ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். மழை இல்லாவிட்டால் வராந்தாவில் உட்கார்ந்தே பேசலாம். நோயாளிக்கு ஒரு சாதாரண முகக்கவசம் கொடுங்கள். எதற்கு என்பதையும் சொல்லுங்கள்: "இருமும்போது மத்தவங்களுக்குப் பரவாம இருக்கத்தான், வேற ஒன்னுமில்ல." நீங்கள் என்-95 முகக்கவசம் அணியுங்கள். காற்று உங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் போகும்படி நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தனிமை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். நோயின் பெயர் வெளியே போனால் மகளின் கல்யாணப் பேச்சு வரை பாதிக்கும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. கூட வந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். சிங்களம் பேசும் வைத்தியருக்கு நீங்கள் மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் நோயாளியின் பிள்ளையை அந்த வேலைக்கு இழுக்காதீர்கள். அப்பா கசிப்பு (கள்ளச் சாராயம்) குடிப்பதையும் அம்மாவின் மாதவிலக்கு நின்றுபோனதையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது கொடுமை. பதிலும் சரியாக வராது.

வயதைப் பார்த்து அண்ணே, அக்கா, தாத்தா, பாட்டி என்று கூப்பிடுங்கள், "ங்க" போட்டுப் பேசுங்கள். தலைமுறை தலைமுறையாக அதிகாரத்தில் இருந்தவர்கள் இவர்களை "வா, போ" என்றுதான் பேசி வந்திருக்கிறார்கள். அதன் விளைவு இன்னும் இருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் எதைக் கேட்டாலும் "ஆமாங்கய்யா" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளால் தொடங்க வேண்டாம். "என்ன செய்யுதுங்க, முதல்ல இருந்து சொல்லுங்க" என்று விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் குறுக்கிடாமல் கேளுங்கள்.

பேரும் விலாசமும்

இதைக் கிளார்க்கின் வேலை என்று நினைக்காதீர்கள். காசநோய் சிகிச்சை ஆறு மாதம். இடையில் ஒருவர் வராமல் போனால் தேடிப் போகவேண்டும். தோட்டத்து விலாசத்தில் பெரும்பாலும் வீட்டு இலக்கம் இருக்காது, கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். தோட்டத்தின் பெயரோடு மேல்கணக்கா கீழ்கணக்கா (தோட்டத்தின் மேல் பிரிவா கீழ்ப் பிரிவா), எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் லயம், அதில் எத்தனையாவது காம்பரா (அறை), குடும்பத்தலைவர் யார் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அடையாள அட்டையில் ஒரு பேரும் லயத்தில் கூப்பிடும் பேர் ஒன்றுமாகப் பலருக்கு இரண்டு பேர் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி இலக்கம் யாருடையது என்று கேளுங்கள். கொழும்பில் இருக்கும் மகனுடையதாக இருந்தால் லயத்திலேயே இருக்கும் ஒருவருடைய இலக்கமும் வேண்டும். பக்கத்து வீட்டு இலக்கம் என்றால் அங்கே அழைத்து நோயின் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

எப்போது தொடங்கியது?

"எத்தனை நாளா இருமல்?" என்றால் "கொஞ்ச நாளா" என்ற பதில்தான் வரும். நாட்காட்டியை விட்டுவிட்டுத் திருவிழாவைப் பிடியுங்கள். "தீபாவளிக்கு இருமல் இருந்துச்சா? பொங்கலுக்கு? மாரியம்மன் தேருக்கு நடந்து போனீங்களா, மூச்சு வாங்குச்சா?" சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை போகும். மஸ்கெலியாப் பக்கத்து ஆட்களுக்கு அதுவே நல்ல அளவுகோல். வேலையும் உதவும், கவ்வாத்து (தேயிலைச் செடியைத் தறிப்பது) போல: "உங்க மலையில கவ்வாத்து வெட்டுனப்போ இருமல் இருந்துச்சா?" இப்படிக் கேட்கும்போது இரண்டு வாரம் என்று சொன்ன இருமல் மூன்று மாதமாக நீள்வது வழக்கமான விஷயம்.

அந்த இடைப்பட்ட காலத்தில் எங்கெல்லாம் மருந்து எடுத்தார் என்பதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரி, டவுனில் தனியார் வைத்தியர், பாமசியில் நேரே வாங்கியது, நாட்டு மருந்து. சிப்ரோஃப்ளொக்சசின், லீவோஃப்ளொக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியை ஓரளவு அடக்கி நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். "மாத்திரை குடிச்சேன், கொஞ்சம் நல்லாயிருந்துச்சு, திரும்ப வந்துடுச்சு" என்று ஒருவர் சொன்னால் அந்த மாத்திரை என்னவென்று விடாமல் தேடுங்கள். துண்டுச்சீட்டு, காலி மாத்திரை அட்டை எதுவாக இருந்தாலும் அடுத்த முறை கொண்டுவரச் சொல்லுங்கள்.

அறிகுறிகளைக் கேட்கும் விதம்

இருமலில் சளி வருகிறதா, எந்த நேரத்தில் அதிகம், என்ன நிறம் என்று கேளுங்கள். குரல் கம்மியிருக்கிறதா என்பதை நீங்களே கவனியுங்கள். குரல்வளையில் காசநோய் இருந்தால் தொற்று மிக எளிதாகப் பரவும், அவரை வரிசையில் காக்கவைக்கக் கூடாது.

இரத்தம் பற்றிய கேள்வியில் வெற்றிலை குறுக்கே நிற்கும். நாள் முழுக்க வெற்றிலை போடுபவருக்குத் துப்புவதெல்லாம் சிவப்புத்தான். "காலையில எழும்பி, வெத்தல போடுறதுக்கு முன்னாடி, வாய் கொப்பளிச்சிட்டு இருமித் துப்பினா என்ன நிறம்?" என்று கேளுங்கள். இருமும்போது வருகிறதா, வாந்தியோடு வருகிறதா, மூக்கிலிருந்து இறங்குகிறதா என்று பிரித்தறியுங்கள். அளவைத் தேக்கரண்டி, தேத்தண்ணிக் கோப்பை என்று கேட்டால் சொல்வார்கள். கோப்பைக் கணக்கில் வந்தால் மீதிக் கேள்விகளை நிறுத்திவிட்டு உடனே வார்ட்டில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். இரத்தம் துப்பும் எல்லோருக்கும் காசநோய் என்றும் இல்லை. இளம் பெண்ணாக இருந்து, மூச்சு வாங்கலும் படபடப்பும் சேர்ந்திருந்தால் சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள், வாத இதயநோயால் வால்வு சுருங்கியிருக்கலாம். பல வருடம் பீடி, சுருட்டு குடித்த முதியவர் என்றால் நுரையீரல் புற்றுநோயும் மனதில் இருக்கட்டும்.

காய்ச்சல் பற்றிக் கேட்டால் "இல்லை" என்பவரிடம், "சாயந்தரம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் உடம்பு கணகணன்னு இருக்கா? போர்வையைப் போத்திக்கிட்டு அடுப்புக்கிட்டப் போய் உட்காரத் தோணுதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இரவு வியர்வையை இங்கே சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. கொழும்பு வெயிலில் இரவில் வியர்ப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போகலாம். பொகவந்தலாவையில் ஜனவரிப் பனியில் ஒருவர் நனைந்த சட்டையை மாற்றிப் படுக்கிறார் என்றால் அது பெரிய செய்தி. "ராத்திரி எழும்பிச் சட்டை மாத்துறீங்களா? தலையணை ஈரமாகுதா?" என்பதே கேள்வி. எத்தனை கம்பளி போர்த்துகிறார் என்பதையும் கேட்டால் பதிலை எடைபோடலாம்.

உடல் எடையைத் தராசில் பார்த்தவர்கள் குறைவு. பழைய எடை சீனி வருத்தக் கிளினிக் கொப்பியிலோ கர்ப்பகால அட்டையிலோ இருக்கலாம், பாருங்கள். இல்லாவிட்டால் ஜாக்கெட் தொளதொளவென்று ஆனதா, வளையல் கழன்று விழுகிறதா, பெல்ட்டில் எத்தனையாவது ஓட்டையில் போடுகிறார். கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் நான் எப்போதும் கேட்பது, "முந்தி எத்தனை கிலோ எடுப்பீங்க, இப்ப எத்தனை?" என்று. அவர்களுக்கு அந்தக் கணக்கு நாள்தோறும் நிறுக்கப்படும் கணக்கு, அதனால் துல்லியமாகச் சொல்வார்கள். பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) முழுசாக விழாமல் அரை நாள் பேராகக் குறையத் தொடங்கிய மாதம் எது என்று தெரிந்தால், நோய் உடலைச் சாய்க்கத் தொடங்கிய காலம் ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

இனி நுரையீரலுக்கு வெளியே. கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி, வயிறு வீக்கம், ஆறாத புண், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது அல்லது பிள்ளை தங்காமல் போவது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதுகுவலியில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். தலையில் கூடை மாட்டி மலை ஏறுபவர்களில் முதுகு வலிக்காதவர் இருக்கமாட்டார், அதனால் முதுகெலும்புக் காசநோய் இங்கே எளிதாக மறைந்துகொள்ளும். வேலை வலி படுத்தால் குறையும். படுத்த பிறகும் இரவில் குடைகிற வலி, ஓரிடத்தில் தொட்டால் துள்ளும் வலி, காய்ச்சலோடு சேர்ந்த வலி, காலில் பலம் குறைவது, சிறுநீர் போகச் சிரமம் ஆகியவற்றில் எது இருந்தாலும் படம் எடுக்காமல் அனுப்பாதீர்கள். பல நாள் தலைவலி, வாந்தி, ஆள் குணம் மாறிப் பேசுவது என்றால் மூளையுறைக் காசநோயாக இருக்கலாம், அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

முன்பு மாத்திரை குடித்தவரா?

எல்லாக் கேள்வியிலும் இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். முன்பு சிகிச்சை எடுத்து இடையில் விட்டவருக்கு மருந்துக்கு அடங்காத காசநோய் இருக்கும் வாய்ப்பு அதிகம். முக்கியக் காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுக்கும் கிருமி அடங்காவிட்டால் சிகிச்சையே வேறு. "முன்னாடி டீபீ வந்திருக்கா?" என்று நேரே கேட்டால் வெட்கத்தில் "இல்ல" என்றுவிடுவார்கள். வேறு வழியாக வாருங்கள்: "எப்பவாவது மாசக்கணக்கில தினமும் மாத்திரை குடிச்சிருக்கீங்களா? அப்ப சிறுநீர் தோடம்பழக் கலர்ல போச்சா? செஸ்ட் கிளினிக் போயிருக்கீங்களா? தினமும் ஊசி போட்டாங்களா?" சிறுநீர் செம்மஞ்சளாவது ரிஃபாம்பிசினின் அடையாளம், அதை யாரும் மறப்பதில்லை.

ஆம் என்றால் எந்த வருடம், எங்கே, எத்தனை மாதம், முடித்தாரா, விட்டாரா, ஏன் விட்டார் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். ஒரு மாதத்துக்குக் குறைவாகக் குடித்தவர் புதிய நோயாளி என்ற கணக்கில்தான் வருவார். தொடர்ச்சியாக இரண்டு மாதமோ அதற்கு மேலோ நிறுத்தியவர் சிகிச்சையைக் கைவிட்டவர். குணமாகி மீண்டும் வந்தவர் வேறு கணக்கு. விட்டதற்கான காரணத்தைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். உடம்பு தேறியதும் வேலைக்குப் போகவேண்டி வந்தது, பஸ் காசு இல்லை, மாத்திரை வயிற்றைப் புரட்டியது என்று அவர் சொல்லும் காரணம், இந்த முறை நீங்கள் எதைச் சரிசெய்யவேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவரிடம் அன்றைக்கு என்ன மீன் சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். ஐசோனியசிட் எடுப்பவர்கள் பலயா, கெலவல்லா போன்ற சூரை இன மீன்களைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, தலை இடித்து, படபடப்பும் அரிப்பும் வரலாம். மீனில் சேரும் ஹிஸ்டமினை உடல் உடைக்கும் வழியை அந்த மருந்து தடுப்பதே காரணம். இதை இலங்கை நெஞ்சுநோய் மருத்துவர் ஊரகொட 1977ஆம் ஆண்டிலேயே சகாவோடு சேர்ந்து எழுதிவைத்திருக்கிறார். கடலிலிருந்து இவ்வளவு தூரம் ஏறிவரும் மீன், பழுதாகப் பழுதாக ஹிஸ்டமின் கூடும். மருந்து ஒவ்வாமை என்று ஒரு நல்ல மருந்தை நிறுத்துவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

மற்ற வருத்தங்களும் பழக்கங்களும்

சீனி வருத்தம் கட்டாயம் கேட்கவேண்டியது. இருக்கிறது என்றால் மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா, இல்லை என்றால் கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தார். சிறுநீரக நோய், ஈரல் நோய், நீண்டநாள் ஸ்டீரோய்ட், மூட்டுவாதத்துக்கு எடுக்கும் மருந்துகள், எச்ஐவி. காசநோயாளிகள் எல்லோருக்கும் எச்ஐவி பரிசோதனை செய்வது வழக்கம் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் யாரும் புண்படமாட்டார்கள்.

குடி பற்றி: "குடிப்பீங்களா?" என்பதைவிட "சம்பள நாள்ல எவ்வளவு, மத்த நாள்ல எவ்வளவு, சாராயமா கசிப்பா?" என்பது நல்ல கேள்வி. காசநோய் மருந்துகளில் மூன்று ஈரலைத் தாக்கக்கூடியவை என்பதால் கேட்பதாகச் சொல்லுங்கள். அறிவுரையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பெண்களிடம் கர்ப்பம் உண்டா, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், கைக்குள் வைக்கும் குச்சியையும் பாதிக்கும். கண் பார்வை முன்பே மங்கலா, கைகால் விறைப்பு உண்டா என்றும் எழுதுங்கள், எத்தம்பியூட்டோலும் ஐசோனியசிட்டும் தொடங்கிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அறை, லயம், வேலை

பழைய லயக் காம்பரா ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஜன்னல் சிறிது, விறகடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். அதில் யார் யார் தூங்குகிறார்கள் என்று ஒரு படம் வரையுங்கள். நான் கொப்பியில் ஒரு சதுரம் போட்டு நோயாளியையே சொல்லச் சொல்வேன்: கட்டிலில் யார், பாயில் யார், கைக்குழந்தை யார் பக்கத்தில். பட்டியல் எழுதினால் விடுபட்டுப்போகிற பேரப்பிள்ளை படம் வரைந்தால் விடுபடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், சீனி வருத்தக்காரர்கள் எல்லோரையும் வட்டம் போடுங்கள். நோயாளியோ அவர் மனைவியோ பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில்) வேலை பார்க்கிறவரா என்பதையும் மறக்கவேண்டாம்.

தொற்று ஏற்பட்ட முதல் இரண்டு வருடத்தில்தான் நோயாக மாறும் வாய்ப்பு அதிகம். அதனால் கடந்த இரண்டு வருடமாக எங்கெல்லாம் இருந்தார் என்று கேளுங்கள். தோட்டத்து இளைஞர்கள் கொழும்பில் கடை, ஹோட்டல், கட்டட வேலைக்குப் போய் ஒரே அறையில் பலர் படுக்கிறார்கள். நாட்டில் காசநோயாளிகள் அதிகம் பதிவாகும் மாவட்டம் கொழும்புதான். அங்கே கூடப் படுத்தவர்களில் இருமியவர் இருந்தாரா? மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தாரா? சிறையில் இருந்தாரா? வீட்டில் யாராவது இருமி இருமியே இறந்துபோனார்களா?

தேயிலைத் தொழிற்சாலைத் தூசு காசநோயைத் தருவதில்லை, ஆனால் இழுப்பையும் இருமலையும் தரும், அதனால் குழப்பும். கற்பொடி விஷயம் அப்படியல்ல. கல்லுடைப்பில் இருந்தவர், மேல் கொத்மலை, உமா ஓயா போன்ற திட்டங்களில் சுரங்கப்பாதை தோண்டியவர் என்றால் சிலிக்காத் தூசு நுரையீரலைப் பழுதாக்கிக் காசநோய்க்கு வழி திறந்துவிட்டிருக்கலாம்.

பிள்ளைகளிடம் வரலாறு வேறு மாதிரி. சிறு பிள்ளை சளியைத் துப்பாது, பெரும்பாலும் விழுங்கிவிடும். எடை ஏறாமல் நிற்பது, விளையாடாமல் சுருண்டு கிடப்பது, விட்டு விட்டு வரும் காய்ச்சல், வீட்டில் இருமும் பெரியவர் என்பவையே தடயங்கள். கிளினிக் அட்டையில் வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். பீ.சீ.ஜீ தடுப்பூசித் தழும்பு இருப்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ஊசி பிள்ளைகளுக்கு வரும் கடுமையான வகைகளைத் தடுப்பதில்தான் வல்லது.

ஆறு மாதம் எப்படிக் குடிப்பார்?

வழக்கமான சிகிச்சை முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. அரசாங்கத்தில் இலவசம். ஆனால் கிளினிக் நாளில் ஒரு நாட்சம்பளம் போகிறது, பஸ் காசும் போகிறது. காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகும் முன் வெறும் வயிற்றில் மாத்திரையை யார் முன்னிலையில் குடிப்பார்? தோட்ட டிஸ்பென்சரி எத்தனை மணிக்குத் திறக்கும்? குடும்பநல உத்தியோகத்தர் எந்தெந்த நாள் வருவார்? மேல்கணக்கிலிருந்து இறங்கி வர எவ்வளவு நேரம்? வேலைக்கு லீவு கேட்க யாரிடம் என்ன சொல்ல விருப்பம்? இவற்றையும் வரலாற்றிலேயே எழுதுங்கள். மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பும்போது அங்கே இருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பயன்படும். காசநோய் அறிவிக்கப்பட வேண்டிய நோய், அறிவித்தல் படிவத்தையும் அன்றே நிரப்பிவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் சளிப் போத்தலைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டுங்கள். அதிகாலையில், வெற்றிலை போடுமுன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மூச்சை நன்றாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமவேண்டும். எச்சில் போதாது. காம்பராவுக்குள் வேண்டாம், வெளியே திறந்த இடத்தில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது. மூடியை இறுக்கி அன்றைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். வரும்போது படத்தில் வட்டம் போட்ட பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லி, எந்தப் பஸ்ஸில் வருவார்கள் என்பதையும் கேட்டு அதற்கேற்ற நேரத்தைக் கொடுங்கள்.